மைனஸ் இல்லாத அட்டவணை

ஆஸ்பத்திரியில் அவனை எல்லோரும் புள்ளி என்றுதான் சொல்வார்கள். புள்ளியியல் படித்துவிட்டு வந்தவன் என்பதால் யாரோ வைத்த பெயர். நேரில் பேசும்போது ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். ஆள் நகர்ந்ததும் அதையும் எடுத்துவிடுவார்கள். நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பழைய எக்ஸ்ரே படப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையைப் பாதி காலி செய்து அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் இருந்தது. திறந்தால் ஏசி எந்திரத்தின் பின்பக்கம் முகத்தில் அனல் ஊதும். அதனால் அவன் அதைத் திறப்பதில்லை.

கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசையோடு படித்தவன். ஆராய்ச்சி பாதியில் நின்றது. கல்யாணப் பேச்சு ஒன்று வந்து, அதுவும் பாதியில் நின்றது. இரண்டுக்கும் அவன் யாரையும் குறை சொன்னதில்லை. ஒரு காரியம் முடியவில்லை என்றால் அது முடிகிற காரியமாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வான். இதைப் பக்குவம் என்று சிலர் சொன்னார்கள். சோம்பேறித்தனம் என்று அக்கா சொன்னாள். இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் அக்காதான். அதே ஆஸ்பத்திரியில் படுக்கை வார்டின் தலைமை நர்ஸ் அவள். அக்கா வீட்டு மாடியறையில்தான் அவன் குடியிருந்தான்.

படுக்கை வார்டு என்றால் எழுந்து நடக்க மாட்டாதவர்களின் வார்டு. பக்கவாதம், முதுகெலும்பு முறிவு, வயோதிகம். அங்கே மருந்தை விடக் கைதான் முக்கியம். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் முதுகில் புண் வந்துவிடும். புண் வந்தால் அது ஆறுவதில்லை. ஒரு ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். கனத்த உடம்பென்றால் மூன்று பேர்.

புள்ளியின் வேலைகளில் அவன் கொஞ்சமாவது பெருமைப்பட்டது ஒன்றே ஒன்றில்தான். வருஷத்துக்கு ஒருமுறை வார்டு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். பெயர் எழுத வேண்டாம். வார்டை மட்டும் குறித்தால் போதும். 'வேலை முடிந்து போகும்போது உடம்பில் உயிரே இல்லை', 'நோயாளிகள் மேல் எரிச்சல் வருகிறது', 'இரவில் நன்றாகத் தூங்குகிறேன்', 'காலையில் வேலைக்கு வர மனம் இருக்கிறது' என்று வரிசையாக வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' முதல் 'ஆமாம், எப்போதும்' வரை ஐந்து கட்டம். எந்த வார்டு களைத்துப் போயிருக்கிறதோ அங்கே கூடுதல் உதவியாளர்களை அனுப்புவார்கள். எது தெம்பாக இருக்கிறதோ அங்கிருந்து எடுப்பார்கள். முன்பெல்லாம் எந்த வார்டு டாக்டருக்குக் குரல் பெரிதோ அந்த வார்டுக்கு ஆள் போகும். இப்போது ஊழியர்கள் சொல்வதை வைத்து ஆள் போகிறது. இது நியாயத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. நியாயம் என்றே சொல்ல அவனுக்குத் துணிவில்லை.

தாள்களை அவன் காரணிப் பகுப்பாய்வில் போடுவான். பெயர்தான் பயமுறுத்தும். இத்தனை கேள்விக்கும் வந்த பதில்களுக்கு அடியில் ஒரே ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவது, அவ்வளவுதான். உயிரே இல்லை என்று சொல்கிறவரே எரிச்சல் வருகிறது என்றும் சொல்கிறார், அவரே தூங்கவில்லை என்றும் சொல்கிறார் என்றால், மூன்றையும் இழுக்கிற கயிறு ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தக் கயிற்றுக்குச் சோர்வு என்று பெயர் வைக்கிறோம். ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கயிற்றில் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு எண் வரும். அதைச் சுமை என்பார்கள். எரிச்சலுக்கு வருகிற சுமை ப்ளஸ். தூக்கத்துக்கு வருவது மைனஸ். மைனஸ் என்றால் அந்தக் கேள்வி கெட்டது என்றோ, கயிற்றோடு சம்பந்தமில்லாதது என்றோ அர்த்தமில்லை. அதுவும் அதே இறுக்கத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது; எதிர்ப்பக்கமாக இழுக்கிறது. சோர்வு ஏற ஏறத் தூக்கம் இறங்கும்.

இதை நிர்வாகிக்கு அவன் வருஷா வருஷம் விளக்குவான். கண்டிப்பான பெண்மணி, கெட்டவர் இல்லை. அட்டவணையை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வருவார். மைனஸ் வந்ததும் விரல் நிற்கும்.

"இது ஏன் குறைச்சலா வந்திருக்கு?"

"குறைச்சல் இல்லைங்க மேடம். எதிர்த்திசை."

"தப்பு இல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப மேலே கேட்டா நான் என்ன சொல்றது?"

மறுபடி கயிறு, மறுபடி தூக்கம். அடுத்த வருஷம் அதே விரல், அதே கேள்வி. மூன்றாம் முறை அவனுக்குப் பொறுமை போய்விட்டது. அறிக்கைக்கான அட்டவணையில் ப்ளஸ் மைனஸ் எதுவும் தெரியாமல், எண்ணின் அளவு மட்டும் வருகிற மாதிரி கணினி நிரலில் ஒரு வரி சேர்த்துவிட்டான். நிர்வாகியின் விரல் எங்கும் நிற்காமல் அடிவரை இறங்கியது. "இப்பதான் பார்க்க நல்லா இருக்கு" என்றார். அவனுக்கும் நிம்மதி. குறிகளை அவர் கண்ணிலிருந்து மறைத்தபோது தன் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டான் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் கேள்வித்தாள் முடிந்து, வழக்கம்போல அறிக்கை போனது. படுக்கை வார்டிலிருந்து உதவியாளர்கள் இரண்டு பேரை எடுத்து, கண் சிகிச்சை வார்டுக்கு மாற்றி உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சான் பேருந்து ஓட்டுகிறவர். சீருடைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்தபடி அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, நீ இன்னைக்கு எத்தனை பேரைத் தூக்கினே?"

"எல்லாரையும்."

"நான் ஒரு வண்டி ஆளை உட்கார வெச்சுக்கிட்டே இழுக்கிறேன். நீ படுக்க வெச்சுக்கிட்டே இழுக்கிறே. நம்ம ரெண்டு பேர்ல உனக்குத்தான் லைசென்ஸ் குடுக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா, நாங்க ரொம்பத் தெம்பா இருக்கோமாமே?"

"யார் சொன்னது?"

"உத்தரவு சொல்லுது. ஊழியர் நிலை திருப்திகரம்னு. அந்த உத்தரவு உன் பேப்பர்லேர்ந்துதானே வருது? எங்க வார்டுல ஒருத்தி சொல்றா, 'அக்கா, உங்க தம்பிக்கு நம்ம மேல என்ன கோபம்'னு."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"என்ன எழுதுவோம்? செத்துப்போறோம்னுதான் எழுதினோம்."

"காலையில பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

"பாரு. நிதானமாப் பாரு. என் முதுகு எங்கயும் ஓடிப்போகாது" என்றாள் அக்கா. பிறகு, சமையலறைக்குப் போக எழுந்தவள், பாதியில் நின்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் வார்டுக்குப் போன உதவியாளர்கள் ரெண்டு பேரும் திரும்பி வராவிட்டால் இந்த வேலையில் தன்னால் நீடிக்க முடியாது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னாள். அவள் மிரட்டலுக்காகப் பேசுகிறவள் இல்லை.

காலையில் அவன் குறிகளை மறைத்த வரியை எடுத்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினான். அட்டவணை திரையில் வந்தது. தூக்கம் ப்ளஸ். வேலைக்கு வரும் மனம் ப்ளஸ். எரிச்சல் மைனஸ். உயிரே இல்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய மைனஸ்.

ஒன்றும் உடையவில்லை. கணக்கில் பிழை இல்லை. இப்படி ஒரு கயிறு இருக்கிறது, கேள்விகள் இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன என்பது வரைதான் எந்திரம் சொல்லும். எந்த முனைக்கு ப்ளஸ் போடுவது என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. எல்லா வருஷமும் தற்செயலாகச் சோர்வு முனைக்கு ப்ளஸ் போட்டுக்கொண்டிருந்தது. இந்த வருஷம் பதில்கள் சற்று மாறியதில் தெம்பு முனைக்குப் போட்டுவிட்டது. குறிகள் அத்தனையும் ஒன்றாகப் புரண்டால் பொருள் மாறுவதில்லை. பார்க்கிறவன் பெயரைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆனால் வார்டுகளின் மதிப்பெண் வருகிற பத்தியின் தலையில் 'சோர்வு மதிப்பெண்' என்று அவனே எப்போதோ எழுதி வைத்திருந்தான். பெயர் அசையவில்லை, பொருள் அடியில் புரண்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே அதிகமாகக் களைத்த வார்டு, சோர்வே இல்லாத வார்டாகப் பட்டியலின் அடியில் கிடந்தது.

மறைக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வரவில்லை. இதை ஒரு நற்குணமாகச் சொல்ல முடியாது. மறைப்பதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவனிடம் இல்லை. நேராக நிர்வாகியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப பட்டியலைத் தலைகீழாப் படிக்கணும்."

"ஆமாங்க மேடம்."

"கண் வார்டுலேர்ந்து ஆளை எடுத்து உங்க அக்கா வார்டுக்குத் திருப்பி அனுப்பணும்."

'உங்க அக்கா' என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனாலேயே அது அவனைச் சுட்டது.

"மேடம், தாள் அத்தனையும் இருக்கு. எடுத்துப் பாருங்க."

"நான் பார்க்கலாம். உங்களை நம்பவும் நம்புறேன். ஆனா கண் வார்டு டாக்டர் சும்மா விடுவாரா? 'மைனஸை மறைச்சதும் அந்த ஆள்தான், இப்ப மைனஸ் இருக்குன்னு சொல்றதும் அந்த ஆள்தான், ஆள் போறது அவங்க அக்கா வார்டுக்கு'ன்னு கேட்பார். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேள்வித்தாளை மறுபடி கொடுங்க. இந்தத் தடவை குறியெல்லாம் தெரியட்டும். நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த வார்டு உண்மையிலேயே களைச்சிருந்தா அது மறுபடியும் தெரியத்தானே போகுது?"

இதில் மறுத்துப் பேச எதுவும் இல்லை. உண்மை என்று ஒன்று இருந்தால் இரண்டாம் முறை கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும். அப்படித்தான் அவனும் படித்திருந்தான். கேட்கப்படுகிறவர்களுக்கு முதல்முறை என்ன நடந்தது என்பது நினைவிருக்கும் என்று அந்தப் பாடத்தில் எங்கும் இல்லை.

விஷயம் அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. காண்டீனில், மாடிப்படியில், துணி வெளுக்கிற இடத்தில் எல்லாம் இதே பேச்சு. 'புள்ளியோட பேப்பர் தலைகீழா வேலை செய்யுது. ஆமாம்னு போட்டா இல்லைன்னு எடுத்துக்குமாம்.' ஒரு வார்டில் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். இன்னொரு வார்டில், எதற்கு வம்பு என்று நடுக்கட்டத்தையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கண் வார்டில், கிடைத்த இரண்டு பேரைக் காப்பாற்ற எந்தப் பக்கம் போடுவது என்று வாக்குவாதமே நடந்ததாம்.

அவன் அக்காவிடம் கெஞ்சினான்.

"அக்கா, உங்க வார்டுல எல்லாரையும் நிதானமாப் படிச்சு எழுதச் சொல்லு. இந்தத் தடவை சரியா வரும்."

"போன தடவை நிதானமாப் படிச்சுத்தான்டா எழுதினோம்."

"அது என் தப்பு."

"உன் தப்புன்னு சொல்லிட்டே. சரி. தப்பு உன்னுது, முதுகு என்னுது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார். "விடு. அவன் கணக்கு என்னைக்கு நேராப் போயிருக்கு? நான் ரிவர்ஸ் போட்டா வண்டி பீப் பீப்னு கத்துது. உன் எந்திரம் ரிவர்ஸ் போகும்போது ஒரு சத்தமாவது போடக் கூடாதாடா, மாப்பிள்ளை?"

போட்டுக்கொண்டுதான் இருந்தது, நான்தான் காதை அடைத்தேன் என்று அவன் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாள்கள் வந்தன. நிர்வாகி சொன்னபடி அவனுடைய அறைக்கே இறங்கி வந்து, எக்ஸ்ரே பெட்டி ஒன்றைத் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நிரல் ஓடியது. அட்டவணை வந்தது. அவர் விரலை மேலிருந்து கீழாக இறக்கினார். எங்கும் நிற்கவில்லை.

"மைனஸே இல்லையே!" என்றார். குரலில் உண்மையான சந்தோஷம்.

எல்லாம் ப்ளஸ். எரிச்சல் ப்ளஸ், தூக்கம் ப்ளஸ், உயிரே இல்லை என்பதும் ப்ளஸ். அவன் அதை வரி வரியாகப் படித்தான். உயிரே இல்லை என்கிறவரே நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார். எரிச்சல் வருகிறது என்கிறவரே வேலைக்கு வர ஆசையாக இருக்கிறது என்கிறார். இந்தக் கயிறு சோர்வு இல்லை. எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று ஒரே கோடாக இழுக்கிறவர்களையும், இல்லை என்று இழுத்துக் கோடு போடுகிறவர்களையும் பிரிக்கிற கயிறு. போன தடவை இருந்த மைனஸ்தான், கேள்வியை ஒரு மனுஷர் படித்துப் பார்த்தார் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி. அது போய்விட்டது.

"மேடம், யாரும் படிக்கல" என்றான். "படிச்சிருந்தா மைனஸ் வந்திருக்கும்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"புள்ளி சார், நீங்க ஒண்ணு சொல்லுங்க. போன தடவை மைனஸ் இருந்தது, அதனால தப்புன்னீங்க. இப்ப மைனஸ் இல்லை, அதனால தப்புங்கிறீங்க. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?"

அவன் தூக்கம், வேலைக்கு வரும் மனம் ஆகிய கேள்விகளின் பதில்களைக் கையால் திருப்பிப் போட்டு மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டினான். எல்லா வார்டும் நடுவில் வந்து ஒரே உயரத்தில் நின்றன. கோடு இழுத்தவர்களின் ஆமாமும் இல்லையும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. திருப்பாமல் கூட்டினால் படுக்கை வார்டு மறுபடியும் பட்டியலின் அடியில். அங்கே பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே, 'இல்லவே இல்லை' என்று ஒரே இழுப்பாக இழுத்திருந்தார்கள்.

"அப்ப ரெண்டு விதமாப் பார்த்தாலும் அந்த வார்டுக்கு ஆள் தேவைன்னு வரல" என்றார் நிர்வாகி. அவர் வெற்றியாகச் சொல்லவில்லை. எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "வருஷாவருஷம் இதை நான்தான் மேலே தாங்கிப் பேசுறேன். இனிமே இது வேண்டாம். வார்டு டாக்டர்களை எழுதிக் கொடுக்கச் சொல்லிடறேன், முன்னே மாதிரி."

கதவருகே நின்று, "உங்க அக்காவுக்கு முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். அவன் தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

மதியம் தாண்டி அவன் படுக்கை வார்டுக்குப் போனான். அக்காவும் இன்னொரு நர்ஸும் கனத்த ஒரு மனிதரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். விரிப்பின் இரண்டு முனை அவர்கள் கையில்; மூன்றாவது முனை தொங்கியது. அவன் போய் அதைப் பிடித்தான். அக்கா தலையசைத்தாள். மூன்று பேரும் இழுத்தார்கள். நோயாளி முனகினார். முதுகில் ஒரு இடம் சிவந்திருந்தது. அக்கா அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு மறையவில்லை.

"வந்திடுச்சா?" என்றாள் மற்ற நர்ஸ்.

"வந்திடுச்சு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மருந்துத் தட்டை எடுக்க அந்த நர்ஸ் போனாள்.

"காரியம் நடக்கல அக்கா" என்றான் அவன்.

"தெரியும். உன் முகத்துல எழுதியிருக்கு."

"நீயுமா படிக்காம எழுதினே?"

அவள் ஒரு தலையணையை நோயாளியின் முதுகுக்கு அண்டக் கொடுத்தாள். "நீ சொன்னியேன்னு எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்டா. முதல் ரெண்டு படிச்சேன். அந்தப் பக்கம் கூப்பிட்டாங்க. வந்து உட்கார்ந்தேன். மறுபடி கூப்பிட்டாங்க. தாளை வாங்க ஆள் வந்து நிக்குது. எது கிட்ட இருந்துச்சோ அதுல இழுத்தேன்."

"இல்லைங்கிற கட்டத்துலயா?"

"அதுதான் முதல்ல இருந்துச்சு. அடுத்த வருஷம் ஆமாமை முதல்ல போடு."

"அடுத்த வருஷம் கிடையாது. நிறுத்திட்டாங்க."

அக்கா வேலையை விட்டு விலகும் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. மச்சான்தான் பிறகு சொன்னார். அவள் குனிந்து விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். நிமிரப் போனவள் பாதி வளைவிலேயே நின்றுவிட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது.

"வலிக்குதா அக்கா?"

"இல்லை" என்றாள். கேள்வி அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த கட்டிலில் யாரோ முனகினார்கள். அவள் கம்பியைப் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் நகர்ந்தாள்.